கையேடு காட்டாத கணக்கு

சூதுக்குப் புதுப் பெயர் ஒன்று சூட்டப்பட்டிருக்கிறது. அப்பெயர் ஆராய்ச்சி. குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவோருக்கென வெளிவரும் கையேடுகளைப் புரட்டுவோர் இதனை உடனே உணர்வர். 1200 மீட்டர் விரைவோட்டத்தில் எந்தத் தொடக்கக் கூண்டு நன்று, குதிரை எத்தனை கிலோ சுமக்கிறது, திடல் ஈரமா உலர்வா, ஏறி ஓட்டுபவர் யார், கடைசி 600 மீட்டரை முன்பு எத்தனை வினாடியில் கடந்தது என்று பக்கந்தோறும் அட்டவணைகள். பார்வைக்குப் பாடநூல், பயனில் தூண்டில்.

அவ்விவரங்கள் பொய்யானவை அல்ல. மெய்யாக இருப்பதே அவற்றின் ஆபத்து. பொய்யை நம்பி ஏமாறுபவன் ஒருநாள் விழிப்பான். மெய்யைக் கற்று ஏமாறுபவனோ தன் கல்வி போதவில்லை என்றெண்ணி அடுத்த கையேட்டை வாங்குவான்.

விரைவோட்டம் ஏறத்தாழ 70 வினாடிகளில் முடிந்துவிடும். நீண்ட ஓட்டத்தில் தொடக்கத்தில் தடுமாறிய குதிரை பின்னர் ஈடுசெய்யக்கூடும். இங்கு அதற்கு நேரமில்லை. சிங்கப்பூரின் புகழ்பெற்ற விரைவோட்டக் குதிரையான ராக்கெட் மேன் இதற்குச் சான்று. கிராஞ்சித் திடலின் அனைத்துலக விரைவோட்டத்தில் 2009-இலும் 2010-இலும் அது இரண்டாவதாகவே வந்தது. 2011-இல் துபாயிலும் கிராஞ்சியிலும் வென்றது. அதே ஆண்டு ஜப்பானில் பெருவாரியானோர் அதன் மீதே பணம் கட்டினர். அது நான்காவதாக வந்தது. அதன் ஆற்றலை அறியாதார் எவருமில்லை. அறிந்தும் என்ன பயன்?

இனி, கையேடு காட்டாத கணக்கைப் பார்ப்போம். பந்தயத்தில் கட்டப்படும் பணம் ஒரு பொதுக் குவியலில் சேர்கிறது. நடத்துவோர் பங்கும் அரசின் வரியும் முதலில் கழிக்கப்படுகின்றன. எஞ்சியதே வென்றோர்க்குப் பங்கிடப்படுகிறது. ஐந்தில் ஒரு பங்கு கழிகிறது என்று கொண்டால், 100 வெள்ளி ஒருமுறை சுற்றி வரும்போது 80 வெள்ளியாகிறது. பத்து முறை சுற்றினால் 11 வெள்ளிகூடத் தேறாது. நல்ல குதிரையைக் கையேடு அனைவர்க்கும் காட்டிக் கொடுத்தால், அனைவரும் அதன் மீதே கட்டுவர். வென்றாலும் கிடைக்கும் பங்கு சுருங்கிவிடும். பலரறிந்த இரகசியத்திற்கு விலையில்லை என்பதைக் கையேடு விற்பவர் நன்கறிவார். அதனாற்றான் அவர் பந்தயத்தைவிடக் கையேட்டையே பெரிதும் நம்புகிறார்.

"பொழுதுபோக்குக்குத்தானே!" என்று வாதிடுவோர் உளர். திரைப்படத்துக்குச் சீட்டு வாங்குபவர் அப்பணம் திரும்பி வரும் எனக் காத்திருப்பதில்லை. பந்தயத்தில் கட்டுபவரோ காத்திருக்கிறார். வாராதபோது அதனை மீட்க மேலும் கட்டுகிறார். வாரம் 20 வெள்ளி என்பது ஆண்டுக்கு 1,040 வெள்ளி. உழைத்துண்ணும் குடும்பத்தில் அது பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, பேருந்துக் கட்டணம், நூல்கள். குதிரையின் பத்து ஓட்டங்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் தந்தைக்குத் தன் மகனின் தேர்ச்சி அறிக்கையைப் படிக்க நேரமில்லை என்றால், அது எத்தகைய கல்வி?

1842-இல் தோன்றிய சிங்கப்பூர்ப் பந்தயக் கழகம் 2024 அக்டோபர் 5-இல் தன் கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்தது. ஆயினும் வெளிநாட்டுப் பந்தயங்கள் மீது பணம் கட்டும் வழி அங்கு அடைபடவில்லை. குதிரைகள் போயின, சூது போகவில்லை. கண்ணால் காணாத குதிரைக்கு, கால் வைக்காத திடலில், கையேட்டை நம்பிக் காசை இறைப்பதே எஞ்சிய விளையாட்டு.

சூதின் கேட்டினை உரைக்க வள்ளுவர் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். அதனைப் பள்ளியில் மனனம் செய்த தமிழர், வளர்ந்தபின் அதற்கு விதிவிலக்குத் தேடுவது தகுமா? கூட்டலும் கழித்தலும் அறிந்த எவரும் கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஓராண்டில் கட்டியது எவ்வளவு, பெற்றது எவ்வளவு என ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். அத்தாளை மனைவி மக்கள் முன் வைக்கும் துணிவு இருந்தால், அதற்குப் பின் ஆடட்டும்.