ஏழு ஷில்லிங்
வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் நாம் மதிப்பெண்ணையும் வேலையையும் மட்டுமே விசாரிக்கிறோம் என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு. ‘சத்திய சோதனை’யை மறுபடி புரட்டியபோது அது கூடிவிட்டது. லண்டனில் சட்டம் படித்த காந்தி, பாரிஸ் கண்காட்சியைப் பார்க்கப் போய் ஒரு வாரம் தங்கியிருக்கிறார். சைவ உணவகத்திலேயே அறை, கையில் நகர வரைபடம், பெரும்பாலும் நடைதான். லண்டனிலும் வண்டிக்கூலியை மிச்சம் பிடிக்க எட்டு, பத்து மைல் நடந்தவர், காலணாச் செலவையும் கணக்கெழுதி வைத்தவர். அப்படிப்பட்டவர், ஈஃபில் கோபுரத்தின் மேலே சாப்பிட்டோம் என்று சொல்லிக்கொள்வதற்காகவே ஏழு ஷில்லிங்கைச் செலவழித்திருக்கிறார்! இருபது வயதை ஒட்டிய அந்தப் பையன் மீது எனக்குப் பாசம் பொங்கியது. இன்று விமானம் ஏறும் பிள்ளைகளுக்கும் அப்படி ஊர் சுற்ற ஒரு வாரம் வேண்டும். அனுப்புகிற பணத்தில் அதற்கென்று கொஞ்சம் கூட்டி அனுப்புங்கள்.