கோடு போடுவதற்கு முன்: சென்னைப் பெருநகரக் குடிமக்களுக்கு ஒரு வேண்டுகோள்

2008ஆம் ஆண்டு ஏப்ரலில், இந்தியாவிலேயே முதன்முறையாகத் திருநங்கைகளுக்கென்று ஒரு நல வாரியம் தமிழ்நாட்டில் அமைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், சென்னைப் பெருநகரின் நிலம் 2026 வரை எவ்வாறு பயன்பட வேண்டும் என்று வகுக்கும் இரண்டாம் முழுமைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. முழுமைத் திட்டம் என்பது எங்கே வீடு, எங்கே கடை, எங்கே தொழிற்சாலை, எவ்வழியே சாலை என்று ஒரு நகரத்தை ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னதாகவே வரைந்து வைக்கும், சட்ட வலிமை கொண்ட ஆவணமாகும். வாரியம் சமூக நலத் துறையின் பொறுப்பிலும் நிலமும் வீடும் வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறையின் பொறுப்பிலும் இருந்தமையால், திருநர் நலன் என்பது உதவித்தொகை, தையல் இயந்திரம், சுயதொழில் மானியம் என்ற அளவில் நின்றுபோய், அவர்கள் எங்கே குடியிருப்பார்கள், எங்கே கழிப்பறைக்குப் போவார்கள், எந்தத் தெருவில் கடை போடுவார்கள் என்ற கேள்விகள் நகரமைப்பாளரின் மேசையை வந்தடைய வழியில்லாமல் போயிற்று. ஒரே ஆண்டில் பிறந்த இரு கோப்புகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது 2027 முதல் 2046 வரையிலான மூன்றாம் முழுமைத் திட்டம் வகுக்கப்பட்டு வருகிறது. இந்த வேளையில், பெருநகரில் வாழும் திருநர்களும் அவர்களோடு சேர்ந்து செயல்படும் பிற குடியிருப்பாளர்களும் அடங்கிய இக்குழு, தன் வேண்டுகோளை அரசிடம் வைப்பதற்கு முன்னதாகச் சக குடிமக்களிடம் வைக்கிறது. திட்டத்தை வரைவது அரசேயானாலும், வீட்டை வாடகைக்கு விடுவதும், குடியிருப்போர் நலச் சங்கத்தில் தீர்மானம் போடுவதும், பகுதி சபையில் கை உயர்த்துவதும் குடிமக்களே என்பது அதற்குக் காரணம்.

திருநர் என்பது, பிறப்பின்போது தமக்குக் குறிக்கப்பட்ட பாலினத்திலிருந்து வேறுபட்ட பாலினத்தவராகத் தம்மை உணர்ந்து வாழ்வோர் அனைவரையும் குறிக்கும் பொதுச்சொல். அவர்களுள் பெண்ணாக வாழ்வோர் திருநங்கையர், ஆணாக வாழ்வோர் திருநம்பியர். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் என்பவற்றோடு ‘மற்றவர்’ என்ற மூன்றாவது குறியீடு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, நாடு முழுவதும் 4,87,803 பேரும் தமிழ்நாட்டில் 22,364 பேரும் அதன்கீழ்ப் பதிவாயினர். இந்த எண்ணைக் கொண்டு ‘மிகச் சிறிய தொகை’ என்று முடிவு கட்டுவோர், வீட்டுக் கதவைத் தட்டும் கணக்கெடுப்பாளரிடம், பெற்றோரும் அண்டை வீட்டாரும் கேட்டுக்கொண்டிருக்க, ஒருவர் எதைச் சொல்லியிருக்கக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டியல் என்றாலே திருநர்களுக்கு ஒரு தயக்கம் இருப்பதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு: வட இந்தியப் பகுதிகளில் நடைமுறைப்படுத்தப்பட்ட 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் அவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றியது கண்காணிப்பதற்காகத்தானே தவிர, வீடு கொடுப்பதற்காக அன்று. ஆகவே அடுத்த கணக்கெடுப்பில் எண் கூட வேண்டுமானால், கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்பது முன்னரே தெளிவாக்கப்பட வேண்டும்.

பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்ற வழக்கம் எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பதற்குப் பேருந்தையும் கழிப்பறையையும் ஒப்பிட்டாலே போதும். 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் அறிவிக்கப்பட்டபோது திருநங்கையர் அதில் இடம்பெறவில்லை. கோரிக்கை எழுந்ததும் அடுத்த மாதமே அவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. விடுபட்டதும் உண்மை, விரைந்து திருத்தப்பட்டதும் உண்மை. பேருந்துக்கு ஓர் ஆணை போதும். கட்டி முடித்த கட்டடத்துக்கு அது போதாது. பேருந்து நிலையக் கழிப்பறையின் இரு வாசல்களில் ஒன்றில் மீசை வைத்த முகமும் மற்றதில் பொட்டு வைத்த முகமும் வரையப்பட்டிருக்க, நடுவே மேசை போட்டுக் காசு வாங்குபவர் ஒருவர் அமர்ந்திருப்பார். ஒருபக்கம் போனால் கேலியும் கைநீட்டலும், மறுபக்கம் போனால் கூச்சலும் என்ற நிலையில், திருநங்கை ஒருவர் அந்த மேசை வரை வந்து திரும்பிப் போவதும், வெளியூர்ப் பயணம் என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் பழக்கமாகிவிடுகிறது. திருநர்கள் தங்கள் விருப்பப்படி பொதுக் கழிப்பறையைத் தேர்ந்து பயன்படுத்தலாம் என்று ஒன்றிய அரசு 2017லேயே வழிகாட்டியுள்ளது. ஆனால் அந்த வழிகாட்டுதல் மேசைக்காரருக்கு எட்டவில்லை, சுவரும் மாறவில்லை. தனித்தனியே தாழிடக்கூடிய, உள்ளேயே கைகழுவும் தொட்டியுள்ள, யாரும் பயன்படுத்தத்தக்க அறைகள் சிலவற்றை முதல் வரைபடத்திலேயே சேர்த்தால், கைக்குழந்தையோடு வரும் தந்தைக்கும், வயதான தாயைத் தாங்கி அழைத்து வரும் மகனுக்கும் அதே அறை உதவும்.

வீட்டுப் பிரச்சினை இதைவிட ஆழமானது. ‘டு லெட்’ பலகையைப் பார்த்துத் தொலைபேசியில் பேசும்வரை காலியாக இருக்கும் வீடு, நேரில் போய் நின்றதும் ‘இப்போதுதான் முன்பணம் வாங்கினோம்’ என்று ஆகிவிடுகிறது; கிடைத்தால் பிறருக்குச் சொல்வதைவிடக் கூடுதல் வாடகை, கூடுதல் முன்பணம், விருந்தினர் வரக்கூடாது என்ற நிபந்தனை. வேலைக்குப் போகும் திருநம்பிக்கு மகளிர் விடுதியில் இடமில்லை. ஆண்கள் அறை எடுத்துத் தங்கும் திருவல்லிக்கேணி மேன்சன்களிலோ பொதுக் குளியலறைதான் தடை. திருநர் உரிமை பற்றிப் பேசும் கூட்டங்களிலும்கூடத் திருநம்பியர் மறக்கப்படுகிறார்கள் என்பதை இக்குழு தன் அனுபவத்திலிருந்தே ஒப்புக்கொள்கிறது. 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, வீட்டை வாங்குவதிலும் வாடகைக்கு எடுப்பதிலும் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. எனினும் ‘வீடு போய்விட்டது’ என்ற ஒரு சொல்லை எந்த நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது?

வேலையையும் வீட்டையும் சேர்த்துத் திட்டமிடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொச்சி மெட்ரோ சான்றாக நிற்கிறது. 2017இல் அந்த நிறுவனம் 23 திருநர்களைப் பணியில் சேர்த்தது நாடெங்கும் பாராட்டப்பட்டது. ஆனால் அந்நகரில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் அவர்களுள் சிலர் தொடக்கத்திலேயே வேலையை விட்டு விலகினர். நிலையம் இருந்தது, சீருடை இருந்தது, சம்பளம் இருந்தது. வேலை முடிந்து இரவில் போய்ப் படுக்க ஓர் அறை இல்லை.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ‘குடும்பம்’ என்ற அலகு. நகரமைப்பில் வீடு, குடிநீர் இணைப்பு, மறுகுடியமர்த்தல் ஆகிய அனைத்தும் குடும்பங்களைக் கொண்டே எண்ணப்படுகின்றன. குடும்பம் என்றால் கணவன், மனைவி, குழந்தைகள் என்பதே எண்ணுவோரின் மனச்சித்திரம். பெற்ற வீட்டிலிருந்து வெளியேறிய திருநங்கையர் பலர், மூத்தவர் ஒருவரைத் தாயாக ஏற்று, மகள், பேத்தி என்று உறவு வகுத்து, ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றனர். இவ்வாறு உறவாலும் கட்டுப்பாட்டாலும் பிணைந்த சமூக அமைப்பை அவர்கள் ஜமாத் என்பர். நோயுற்றால் பார்ப்பதும், இறந்தால் எடுத்துப் போடுவதும் இந்த உறவே. ஆற்றங்கரைக் குடிசைப்பகுதி ஒன்றில் ஆறு பேர் கொண்ட அத்தகைய வீட்டை அகற்ற நேரும்போது, அது ஒரு குடும்பமா, ஆறு தனியாட்களா, அல்லது கணக்கில் வராத வாடகைதாரரா என்ற கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இருந்தாக வேண்டும். வீடு ஒதுக்கப்பட்டாலும் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி போன்ற குடியிருப்புகள் நகரின் மையத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளன. கடை கேட்டலை, அதாவது கடைகடையாகச் சென்று வாழ்த்திக் காசு பெறுவதை, விட்டு வீட்டு வேலைக்கோ சமையல் வேலைக்கோ மாறியவருக்கு, பழகிய தெருக்களை இழப்பது பிழைப்பையே இழப்பதாகும்.

அப்படியானால் திருநர்களுக்கென்று தனிக் குடியிருப்பு கட்டலாமே என்று கேட்போர் உண்டு. கோவில்பட்டியை அடுத்த மந்தித்தோப்பில் வீடுகளோடு பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமும் ஏற்படுத்தப்பட்டது நல்ல முன்மாதிரி. வீட்டையும் பிழைப்பையும் பிரிக்காததே அதன் சிறப்பு. ஆனால் நகரத்தில் ‘தனி’ என்பது விரைவில் ‘ஒதுக்குப்புறம்’ என்று பொருள்பட்டுவிடுகிறது. பாதுகாப்புக் கருதித் தனிக் குடியிருப்பை விரும்புவோரும், கலந்து வாழ்வதையே விரும்புவோரும் இக்குழுவிலேயே இருக்கின்றனர். இரண்டும் கிடைக்கட்டும், எது வேண்டும் என்பதை வாழப்போகிறவர் சொல்லட்டும் என்பதே இருசாராரும் உடன்பட்ட நிலை.

சொல்வதற்கான இடங்களைச் சட்டம் ஓரளவு திறந்தே வைத்திருக்கிறது. தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014, எங்கே கடை போடலாம் என்று முடிவு செய்யும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளாகவும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பட்டியல் இனத்தவர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரைக் குறிப்பிடும் அச்சட்டம் திருநரைக் குறிப்பிடவில்லை. 2022இல் வேலூர் மாநகராட்சிக்குத் திருநங்கை கங்கா நாயக் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது, வாக்காளர்களின் மனம் சட்டத்தைவிட முன்னே சென்றிருப்பதைக் காட்டுகிறது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. அதே வழியைத் திருநருக்கும் திறக்க வேண்டும் என்பது இக்குழுவின் கோரிக்கை. அந்த இடமும், விழா மேடைக்கு ஒருவரை அழைத்துப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்து அனுப்புவதாக இருக்கக்கூடாது. வரைபடம் பென்சில் கோடாக இருக்கும்போதே வந்து அமரும் இடமாக அது இருக்க வேண்டும்.

குடிமக்களிடம் கேட்பது பெரிதன்று. முழுமைத் திட்டத்தின் வரைவு பொதுமக்களின் கருத்துக்காக வெளியிடப்படும்போது, தங்கள் பகுதிச் சாலைக்காகவும் மழைநீர் வடிகாலுக்காகவும் எழுதும் கடிதத்திலேயே, அனைவருக்குமான கழிப்பறை, வாடகைக் குடியிருப்பு, ஜமாத் வீடுகளைக் குடும்பமாக ஏற்கும் கணக்கெடுப்பு ஆகிய மூன்றையும் ஒரு பத்தியில் சேர்த்து எழுத வேண்டும். அடுக்குமாடிச் சங்கங்கள் தங்கள் விதிகளில் ‘குடும்பத்தாருக்கு மட்டும்’ என்ற வரி இருந்தால், அடுத்த பொதுக்குழுவில் அதை எடுத்துவிட வேண்டும். வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் குடியிருப்போர் கூடிக் குறைகளையும் தேவைகளையும் பேசும் பகுதி சபைக்கு அழைப்பு வரும்போது, அதே தெருவில் வாழும் திருநங்கைக்கும் திருநம்பிக்கும் நாளையும் நேரத்தையும் நேரில் சென்று சொல்லி, கூட்டத்தில் தங்கள் பக்கத்து நாற்காலியில் அமர்த்திக்கொள்ள வேண்டும்; அவர்களுக்காகப் பிறர் பேசத் தேவையில்லை, அவர்கள் பேசும்போது பின்வரிசையில் எழும் சிரிப்பை அடக்கினால் போதும்.