முதலில் சிப்பைப் பாருங்கள், பிறகு சுதந்திரம் பேசலாம்

"எந்தப் பழைய லப்டொப்பிலும் லினக்ஸ் ஓடும், போட்டுப் பார்" என்று சொல்லித் திரிபவர்களை நம்பாதீர்கள். நானும் லினக்ஸ் ஆள்தான். அதனால்தான் சொல்கிறேன்: இந்த அரைகுறை உபதேசம்தான் எங்கள் பிள்ளைகளைத் திரும்ப விண்டோஸுக்கே துரத்துகிறது.

2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேண்டும். அது இல்லாத, ஆனால் நன்றாக வேலை செய்யும் லப்டொப்பை என்ன செய்வது? லினக்ஸ் போடலாம். ஆனால் எந்த லினக்ஸ்?

உபுண்டு போட்டதும் வைஃபை வேலை செய்தால் அது மந்திரம் அல்ல. வைஃபை சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபேர்ம்வேர் என்ற சின்ன நிரலையும் உபுண்டு சேர்த்தே தருகிறது. அந்த நிரலின் மூலத்தை நிறுவனம் யாருக்கும் காட்டுவதில்லை. டெபியன்கூட 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து அதை இன்ஸ்டோலரில் சேர்த்துவிட்டது. டிரிஸ்குவெல், பரபோலா, குயிக்ஸ் போன்ற முழுமையாகக் கட்டற்ற லினக்ஸ்கள் மட்டும் அதை ஏற்பதில்லை. அதனால் இன்டெல் வைஃபை உள்ள லப்டொப்பில் டிரிஸ்குவெல் போட்டால் வைஃபை வராது. புது என்விடியா அட்டையும் நிறுவனம் கையெழுத்திட்ட ஃபேர்ம்வேர் இல்லாமல் முழு வேகத்தில் ஓடாது.

இதை முன்கூட்டியே சொல்லாமல் பதினாறு வயதுப் பிள்ளையிடம் "சுதந்திரம்" என்று முழங்கினால் என்ன நடக்கும்? வைஃபை இல்லை, வீட்டுப்பாடம் அனுப்ப முடியவில்லை, அம்மம்மாவோடு வீடியோவில் கதைக்க முடியவில்லை. இரண்டு நாளில் "லினக்ஸ் சரிவராது" என்று முடிவெடுத்துவிடும். குற்றம் லினக்ஸில் இல்லை, மூலத்தைப் பூட்டி வைத்த நிறுவனத்தில். ஆனால் அதைக் கேட்க அந்தப் பிள்ளை அங்கே இருக்காது.

2013 டிசம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சான்றிதழ் பெற்ற முதல் லப்டொப், பிரித்தானியாவிலிருந்து குளுக்ளக் என்ற சிறு கடை விற்ற திங்க்பேட் எக்ஸ்60. 2006-இல் வந்த மொடல் அது. அதற்கும் பயோஸை மாற்றி, வைஃபை அட்டையையும் மாற்ற வேண்டியிருந்தது. விஷயம் தெரிந்தவர்களே இவ்வளவு பார்த்துச் செய்தார்கள் என்றால், நாங்கள் பார்க்காமல் குதிக்கலாமா?

பார்ப்பதற்கு அரை மணித்தியாலம் போதும். டிரிஸ்குவெலை ஒரு யூ.எஸ்.பி.யில் ஏற்றி, இன்ஸ்டோல் பண்ணாமல் லைவாக ஓட்டுங்கள். வைஃபை, புளூடூத், சத்தம், கமரா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிப்பின் பெயரை எடுத்து எச்-நோட் தளத்தில் தேடுங்கள். வைஃபை மட்டும்தான் பிரச்சினை என்றால் ஏதெரோஸ் ஏ.ஆர்.9271 சிப் உள்ள யூ.எஸ்.பி. வைஃபை வாங்கலாம், அதன் ஃபேர்ம்வேர் கட்டற்றது. ஆனால் பெட்டியில் உள்ள பெயரை நம்பி வாங்காதீர்கள். டிபி-லிங்க் டபிள்யூ.என்.722.என் முதல் பதிப்பில் அந்தச் சிப் இருந்தது. இரண்டாம் பதிப்பில் அதே பெயரோடு ரியல்டெக் சிப் வந்துவிட்டது. சில பழைய திங்க்பேட்களோ, தங்கள் பட்டியலில் இல்லாத வைஃபை அட்டையை உள்ளே போட்டால் ஸ்டார்ட் ஆகவே மாட்டா.

புதிதாக வாங்குவதென்றால் ஒன்லைன் கடையில் வாங்குங்கள். பிரித்தானியச் சட்டப்படி பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் மனம் மாறலாம். டிஸ்கைத் தொடாமல் லைவாகச் சோதித்துவிட்டு, சரிவராவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.

"இவ்வளவு கரைச்சல் ஏன், உபுண்டுவே போதுமே" என்பீர்கள். தாராளமாகப் பாவியுங்கள், விண்டோஸைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அதை முழுச் சுதந்திரம் என்று சொல்லாதீர்கள். எது பூட்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு பாவிப்பது வேறு, தெரியாமல் பாவிப்பது வேறு.

அடுத்த தடவை கடைக்குப் போனால் "இதில் எந்த வைஃபை சிப்?" என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டியது நீங்கள் அல்ல.