நாய்க்கு மணி, தொழிலாளிக்குச் சங்கா?

மானேஜர்களுக்கு மனோதத்துவம் போதிக்கும் கனவான்கள் ஒரு சரக்கை அவிழ்த்துக் கொட்டுகிறார்கள். தொழிலாளியிடம் வாதம் எதற்கு, பழக்கினால் போதுமாம். பணிந்தால் சன்மானம், முறைத்தால் தண்டனை. பாவ்லோவ் நாயை வைத்து நிரூபித்துவிட்டாராம்! ஸ்ரீரங்கம் கோயில் யானை காசு வாங்கித் தலையைத் தொட்டு ஆசீர்வதிக்கவில்லையா என்று உள்ளூர் உதாரணம் வேறு.

பாவ்லோவின் பெயரை இழுத்துவிட்டார்கள். சரி, பாவ்லோவிடமே போவோம்.

முதலில் ஒன்று. சன்மானமும் தண்டனையும் பாவ்லோவின் சரக்கே அல்ல. அது அமெரிக்கர்களான தார்ன்டைக், ஸ்கின்னர் ஆகியோரின் கடைச் சரக்கு. பாவ்லோவ் கண்டது வேறு. நாய்க்கு மெட்ரோனோமின் டிக் டிக் ஓசையைக் கேட்கச் செய்து, உடனே ஆகாரம் கொடுத்தார். பலமுறை இப்படிச் செய்த பின், ஓசை கேட்ட மாத்திரத்தில் எச்சில் ஊறிற்று. சொட்டுச் சொட்டாக எண்ணினார். ஆனால் ஆகாரம் தராமல் ஓசையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்க வைத்தால் எச்சில் வற்றிப் போகிறது! இந்தப் பாதியைக் கனவான்கள் விழுங்கிவிடுகிறார்கள். சம்பள உயர்வு வரும், வரும் என்று வருஷக்கணக்கில் மணியடிக்கும் முதலாளிகள் இதைப் படிப்பது நல்லது.

இன்னொரு நாயின் கதையும் உண்டு. 1917-ல் பாவ்லோவும் அவர் சகாவும் வெளியிட்டது. அந்த நாய் பரிசோதனைச் சட்டகத்தில் நிற்க மறுத்தது. வாரை அறுத்துக்கொள்ளத் துடித்தது. இதற்குப் பாவ்லோவ் சூட்டிய பெயர் ‘சுதந்திர அனிச்சை’. அதை எப்படி அடக்கினார்கள்? சட்டகத்தில் நின்றால்தான் சாப்பாடு என்று மாதக்கணக்கில் வைத்தார்கள். ஆக, அந்த நாயைப் பணிய வைத்தது மணியல்ல, பசி. நம் கனவான்கள் வகுப்பில் வாய்விட்டுச் சொல்லாத சூத்திரம் இதுதான்.

யானைக்கு வருவோம். பழக்கம் ஒன்றே போதுமென்றால் பாகன் கையில் அங்குசம் எதற்கு? திருச்சிக்கு அருகே எம்.ஆர். பாளையத்தில் வனத்துறை யானைகளுக்கு மறுவாழ்வு மையம் வைத்திருப்பது எதற்கு?

விஞ்ஞானமும் 1904-ல் பாவ்லோவ் நோபல் பரிசு வாங்கிய நாளோடு நின்றுவிடவில்லை. மெக்கார்த்தியின் வேட்டையில் பெயர்களைக் காட்டிக் கொடுக்க மறுத்துக் கனடாவுக்குப் போன லியோன் கேமின், 1960-களின் கடைசியில் எலிகளை வைத்து ஒன்றைக் காட்டினார். சத்தம் கேட்டால் மின் அதிர்ச்சி வரும் என்று எலி கற்றுக்கொண்ட பின், சத்தத்தோடு விளக்கையும் சேர்த்துப் போட்டார். பின்பு விளக்கை மட்டும் போட்டால் எலி அநேகமாகப் பயப்படவே இல்லை. விளக்கு புதிதாக எந்தச் சேதியும் சொல்லவில்லையே! 1972-ல் ரெஸ்கார்லாவும் வாக்னரும் இதைக் கணக்காகவே எழுதினார்கள்: எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசமே கற்பிக்கிறது. எலியே கணக்குப் பார்க்கிறது, ஐயா! அப்படியிருக்க மனிதனுக்கு மொழி இருக்கிறது, சங்கம் இருக்கிறது. பேச்சை ‘இரண்டாம் சமிக்ஞை அமைப்பு’ என்று தனியே பிரித்து, மனிதனை மிருகத்திலிருந்து வேறுபடுத்தியவரும் பாவ்லோவ்தான்.

இதற்கு ஆய்வுக்கூடம் தேடி லெனின்கிராடுக்குப் போக வேண்டாம். பொன்மலைக்குப் போனால் போதும். 1928-ல் ஆட்குறைப்பை எதிர்த்துத் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெள்ளை சர்க்கார் அதை நசுக்கியது. சிங்காரவேலரையும் முகுந்தலால் சர்க்காரையும் சிறையில் தள்ளியது. கனவான்களின் சாஸ்திரப்படி, ‘வேலைநிறுத்தம்’ என்ற சொல் காதில் விழுந்தாலே தொழிலாளி நடுங்கியிருக்க வேண்டும். பதினெட்டே வருஷம். 1946-ல் மறுபடி வேலைநிறுத்தம்! செப்டம்பர் 5-ந் தேதி பொன்மலை சங்கத் திடலில் மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டது. ஐந்து தோழர்கள் மடிந்தார்கள். துப்பாக்கிச் சத்தத்துக்கு அந்தத் திடலைக் கண்டு மக்கள் ஒதுங்கிப் போயிருக்க வேண்டும். அங்கேதான் தியாகிகளுக்குச் செங்கொடி ஏற்றி அஞ்சலி செலுத்தி வருகிறோம்.

இந்தச் சாஸ்திரத்தின் மூலகர்த்தாக்களில் ஒருவரான வாட்சன், 1920-ல் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறிய பின் போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? நியூயார்க்கில் ஒரு விளம்பரக் கம்பெனி. அவருடைய சீடர்கள் அடுத்த வகுப்பைப் பொன்மலைத் திடலிலே வைத்துக்கொள்ளட்டும். கேள்வி கேட்க நாங்களும் வருகிறோம்.