பத்துக் குழித் தட்டு

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அதே மாவட்டத்தில், அஞ்செட்டிக்கு அப்பால் காட்டோரம் இருக்கிறது நாட்றாம்பாளையம். அங்கே அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பதினெட்டு வயதானால், 'எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார்?' என்ற கவலைதான் பெற்றோருக்கு. சட்டத்தில் பதில் உண்டு. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழு பாதுகாவலரை நியமிக்கலாம். நிரமயா திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு, மாநில அரசின் பராமரிப்புத் தொகை மாதம் 2,000 ரூபாய் என உதவிகளும் உண்டு. ஆனால் அடையாள அட்டை வேண்டும், அதற்கு டாக்டர் சான்று வேண்டும். ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு நாள் கூலி போகிறது.

வேலை இன்னும் தூரம். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2016 சட்டம் அரசுப் பணியில் அவர்களுக்கு 4 சதவீதம் ஒதுக்குகிறது. தனியாருக்குச் சொன்ன 5 சதவீதம் ஊக்குவிப்பு இலக்குதான், கட்டாயமில்லை. 'மெஷின் பக்கத்தில் எப்படி விடுவது?' என்று முதலாளிகள் கேட்பது நியாயமே. ஆனால் தொழிற்சாலை முழுக்க மெஷின் இல்லை. பத்துக் குழி உள்ள தட்டில் குழிக்கு ஒரு ஸ்க்ரூ வைத்து, நிறைந்ததும் பையில் கொட்டச் சொன்னால், எண்ணத் தெரியாதவரும் பிசகாமல் பத்து போடுவார். முதல் சில வாரங்கள் கூடவே நின்று பழக்க ஒருவர் வேண்டும், அவ்வளவே. அவருடைய சம்பளத்தை அரசு ஏற்கட்டும். சான்று முகாமும் கலெக்டர் குழுவும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது அஞ்செட்டிக்கு வரட்டும்.