பவளக் காடும் கடலோடிகளும்: யாரை உள்ளே விடுவது?

மழைக்காடு என்றதும் அமேசான்தான் நினைவுக்கு வருகிறது. அங்கே வாழும் பழங்குடியினரின் நில உரிமை மதிக்கப்படும் பகுதிகளில் காடு அதிகம் பிழைத்திருக்கிறது என்பது உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. அதே பாடம் நம் கடற்கரைக்கும் பொருந்தும். பவளப்பாறைகளைக் 'கடலின் மழைக்காடுகள்' என்றே அறிஞர்கள் அழைக்கின்றனர்.

தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள பவளத் திட்டுகளும் 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. தலைமுறைகளாக அங்கே மீன் பிடித்தும், சங்கு குளித்தும், பாசி எடுத்தும் வாழ்ந்த மக்கள் ஒரே அறிவிப்பில் அத்துமீறுவோர் ஆனார்கள். பரதவரும் முஸ்லிம்களும் சேர்ந்தே மூச்சடக்கி மூழ்கிய கடல் இது. 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நின்றுபோக, சங்கு மட்டுமே மிஞ்சியது.

இந்தக் கடலை அழித்தது யார்? சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல்லாண்டுகள் பவளம் வெட்டி எடுக்கப்பட்டது. வெட்டியவர் கூலிக்காரர், லாபம் வேறிடம் சென்றது. தூத்துக்குடிக்கு அருகிலிருந்த விலாங்குசல்லித் தீவு நீரில் மூழ்கிவிட்டது. வான்தீவைக் காக்க இன்று செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியிருக்கிறது. கடலடியை வாரும் இழுவலையும், அனல்மின் சாம்பலும், நகரக் கழிவும் இன்னொரு பக்கம்.

பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்களைப் பாருங்கள். மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது என்று அவர்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டனர். அவர்களின் தலைவி லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பின் விருது கிடைத்தது. பிழைப்பு நிலைக்க வேண்டும் என்பவர்களே கடலும் நிலைக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

இஸ்லாமிய ஆட்சியில் 'ஹிமா' என்ற காப்பு நிலம் இருந்தது. அதற்குப் பொறுப்பாளராக ஹுனை என்பவரை நியமித்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், சில ஆடுகளும் ஒட்டகங்களும் மட்டுமே உடைய ஏழைகளை உள்ளே விடும்படியும், இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் (ரலி) போன்ற செல்வந்தர்களின் மந்தைகளைத் தடுக்கும்படியும் உத்தரவிட்டதை புகாரி பதிவு செய்கிறது. செல்வந்தரின் மந்தை அழிந்தாலும் அவருக்குத் தோட்டமும் வயலும் உண்டு. ஏழையின் கால்நடை மடிந்தால் அவன் பிள்ளைகளோடு ஆட்சியாளரிடம்தான் வந்து நிற்பான் என்பது அவர்கள் சொன்ன காரணம். மன்னார் வளைகுடாவிலோ வேலி ஏழையின் முன்னால்தான் எழுகிறது.

மலைவாழ் மக்களுக்கு 2006-இன் வன உரிமைச் சட்டம் இருக்கிறது. கடலோடிகளுக்கு அதற்கு இணையான தனிச் சட்டம் இல்லை. அதைக் கேட்க வேண்டும். பூங்கா நிர்வாகத்தில் அவர்களுக்கு இடமும் கேட்க வேண்டும். மாற்றுத் தொழிலையும் அவர்களைக் கலந்தே தீர்மானிக்க வேண்டும். வாழ்வாதாரம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட கப்பாஃபைக்கஸ் என்ற அந்நியப் பாசி குருசடைத் தீவருகே பவளத்தின் மேலேயே படர்ந்ததை மறக்கலாகாது.

நம் பங்கும் இருக்கிறது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், அவர் சொல்லும் விலைக்குத்தான் சரக்கைக் கொடுக்க வேண்டும். கடன் அழுத்தும்போது கடலுக்கு ஓய்வு கொடுக்க யாராலும் முடியாது. கடற்கரை ஊர்களின் ஜமாஅத்கள் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லா அழகிய கடன் கொடுத்தால் அந்தப் பிடி தளரும். கேட்பவர் எந்த மதத்தவர் என்று பார்க்கத் தேவையில்லை. கடல் அனைவருக்கும் அல்லாஹ் தந்த அமானிதம்; அதைக் காக்கிறவரின் வயிறு காயாமல் பார்ப்பதும் அந்த அமானிதத்தில் அடங்கும்.