பிள்ளையில் இருக்கிறதா, பார்வையில் இருக்கிறதா?

குழந்தை பிறந்த செய்தி வந்ததும் நாம் கேட்கும் முதற்கேள்வி, "ஆணா, பெண்ணா?" என்பதுதான். தாய் நலமா, குழந்தையின் எடை என்ன என்பனவெல்லாம் அதற்குப் பின்னர்தான். அந்த ஒரு சொல் விடையைக் கொண்டே குழந்தையின் குணம், அறிவு, ஆற்றல் ஆகிய அனைத்துக்கும் மனத்துக்குள் ஒரு சாதகம் கணித்துவிடுகிறோம். பையன் விழுந்து அழுதால், "ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்கிறோம். சிறுமி உரக்கச் சிரித்தால், "பொம்பளப் பிள்ளைக்கு இத்தனை சத்தமா?" என்கிறோம். கண்டிப்பவர் கொடியவர் அல்லர். பெரும்பாலும் பாசம் மிக்க பாட்டியே. ஆனால், அந்தச் சாதகம் மெய்தானா?

உளவியலார் இக்கேள்வியை நூறாண்டுக்கும் மேலாக அளந்து பார்த்து வருகின்றனர். அவர்கள் கண்டவற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றும் முடிவு இதுதான்: குழந்தைகளிடம் பிறப்பிலேயே அமைந்த வேறுபாடு சிறிது. அவர்களைப் பார்க்கும் நம் கண்ணில் உள்ள வேறுபாடு பெரிது. நம் கண்ணில் உள்ளதே நாளடைவில் குழந்தையிடம் போய்ச் சேர்கிறது.

ஏழும் மூன்றும்

குழந்தை வளர்ச்சியைப் படிப்படியாக நோக்குவது தமிழருக்குப் புதிதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் தொட்டு, குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடுவது நம் மரபு. தலை நிமிர்ந்தாடும் செங்கீரை, கை கொட்டும் சப்பாணி, தளர்நடை பயிலும் வருகை என்று நம் புலவர்கள் குழந்தையை எவ்வளவு கூர்ந்து நோக்கியிருக்கிறார்கள்!

அந்தப் பத்துப் பருவங்களில் காப்பு முதல் அம்புலி வரையிலான ஏழும் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொது. இறுதி மூன்று மட்டுமே வேறு. ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல். சில நூல்களில் கழங்கும் உண்டு. சிற்றிற் பருவத்தில் மணல் வீடு கட்டுபவர்கள் சிறுமியர். அதைச் சிதைக்க வருபவன் சிறுவன். "சிதைக்காதே" என்று வேண்டுவதே பாட்டு. பிரிவு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். உடலும் மொழியும் வளரும் பருவங்களில் பிரிவே இல்லை. கையில் கொடுக்கும் விளையாட்டுப் பொருளில்தான் அது தொடங்குகிறது. இன்றைய ஆராய்ச்சியும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

அளந்தவர் கண்டது

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைநாட்டு அறிஞர் பலர், ஆண்களிடையே மேதைகளும் மிகுதி, மந்தர்களும் மிகுதி. பெண்களோ நடுத்தரத்திலேயே நிற்பவர்கள் என்று நம்பினர். பெண்களுக்கு உயர்கல்வி எதற்கு என்று கேட்க இக்கொள்கை வசதியாக இருந்தது. அமெரிக்கப் பெண்மணி லீட்டா ஹாலிங்வொர்த், "நம்பினால் போதுமா? அளக்க வேண்டாமா?" என்று புறப்பட்டார். ஹெலன் மாண்டேகு என்பவருடன் சேர்ந்து, பிறந்த ஆண் குழந்தைகள் 1,000 பேர், பெண் குழந்தைகள் 1,000 பேர் ஆகியோரின் அளவுகளை ஒப்பிட்டு 1914-ல் முடிவை வெளியிட்டார். ஆண் குழந்தைகளிடம் ஏற்றத்தாழ்வு மிகுதி என்பதற்கு அங்கே சான்று கிட்டவில்லை. அவருக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் தார்ண்டைக்கே அக்கொள்கையை ஆதரித்தவர் என்பதை எண்ணினால், அம்மாணவியின் துணிவு விளங்கும்.

அடுத்த பெரும் படி 1974-ல் வந்தது. எலினோர் மக்கோபி, கரோல் ஜாக்லின் என்னும் இருவர், அதுவரை வெளிவந்த 1,600-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிச் சலித்துப் பார்த்தனர். பெண்கள் எளிதில் பிறர் சொல்லுக்கு ஆட்படுபவர்கள், மனப்பாடத்தில்தான் வல்லவர்கள், தன்மதிப்புக் குறைந்தவர்கள் என்றெல்லாம் வழங்கிய நம்பிக்கைகளுக்குச் சான்று இல்லை என்றனர். ஓரளவு உறுதியாக நின்றவை நான்கே: மொழித்திறனில் சிறுமியர் சற்று மேல், வடிவங்களை மனத்தில் சுழற்றிக் காணும் திறனிலும், கணிதத்திலும் சிறுவர் சற்று மேல், சண்டையிடும் இயல்பு சிறுவரிடம் மிகுதி.

அந்த நான்கும் நிலைத்தனவா? 2005-ல் ஜேனட் ஹைட் என்னும் உளவியலார், பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணித்த 46 தொகுப்பாய்வுகளை எடுத்துக்கொண்டார். அவற்றில் கண்ட வேறுபாடுகளில் 78 விழுக்காடு மிகச் சிறியவை, அல்லது இல்லை என்றே சொல்லத்தக்கவை. 2008-ல் அவரும் அவர் குழுவினரும் அமெரிக்காவின் பத்து மாநிலங்களில் 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவரின் கணிதத் தேர்வு முடிவுகளைப் பார்த்தபோது, சராசரியில் ஆண், பெண் வேறுபாடு காணப்படவில்லை. 1974-ல் நான்கு தூண்களாக நின்றவற்றுள் ஒன்று இவ்வாறு சரிந்தது. பெண்ணின் மூளை முப்பதாண்டில் மாறிவிடவில்லை. பெண்கள் கணித வகுப்புக்குச் சென்றார்கள், அவ்வளவே.

கண் செய்யும் வேலை

அப்படியானால், வேறுபாடு நம் கண்ணுக்கு மட்டும் இவ்வளவு பெரிதாகத் தெரிவது ஏன்? இதற்கு விடை சொல்லும் மூன்று ஆய்வுகள் ஒவ்வொரு பெற்றோரும் அறியவேண்டியவை.

முதலாவது 1974-ல் நடந்தது. முதற்குழந்தை பெற்ற 30 இணையரிடம், பிறந்து 24 மணி நேரத்துக்குள் தம் குழந்தையை வருணிக்கச் சொன்னார்கள். எடையிலோ உயரத்திலோ உடல்நிலையிலோ அந்த ஆண் குழந்தைகளுக்கும் பெண் குழந்தைகளுக்கும் வேறுபாடில்லை. ஆயினும் பெண் குழந்தையைப் பெற்றவர்கள் "மென்மையானவள், சின்னஞ்சிறியவள்" என்றனர். இதில் தாயரைவிடத் தந்தையரே முந்திக்கொண்டனர்.

இரண்டாவது 1976-ல் காண்ட்ரி இணையர் நடத்தியது. ஒன்பது மாதக் குழந்தை ஒன்றின் படத்தை 204 பேருக்குக் காட்டினர். பெட்டியைத் திறந்ததும் துள்ளி எழும் பொம்மையைக் கண்டு அக்குழந்தை வீறிடுகிறது. ஆண் குழந்தை என்று சொல்லப்பட்டவர்கள் அதில் கோபத்தைக் கண்டனர். பெண் குழந்தை என்று சொல்லப்பட்டவர்கள் அச்சத்தைக் கண்டனர். ஒரே குழந்தை, ஒரே படம், ஒரே அழுகை! கோபம் கொண்டவனை விட்டுப் பிடிப்போம்; அஞ்சியவளை அள்ளி அணைப்போம். நாளைக்கு அவன் முரடன் என்றும் அவள் கோழை என்றும் நாமே பெயரிடுவோம்.

மூன்றாவது ஆய்வு 2000-ல் வெளிவந்தது. சாய்வைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள ஒரு சரிவுப் பலகை. பதினொரு மாதக் குழந்தைகள் எவ்வளவு சாய்வு வரை தவழ்ந்து இறங்குவார்கள் என்று தாய்மாரை முன்கூட்டிக் கணிக்கச் சொன்னார்கள். பெண் குழந்தையின் தாய்மார் உள்ளதைவிடக் குறைத்துக் கணித்தனர்; ஆண் குழந்தையின் தாய்மார் மிகைத்துக் கணித்தனர். குழந்தைகளை இறக்கிவிட்டுப் பார்த்தபோது இருபாலாருக்கும் வேறுபாடே இல்லை. பெற்ற தாயின் கணிப்பே இப்படியென்றால், அறுபது பிள்ளைகளுக்கு நடுவே நிற்கும் ஆசிரியரின் கணிப்பு எப்படி இருக்கும்?

இயற்கைக்குப் பங்கே இல்லையா?

"எல்லாம் வளர்ப்புத்தான் என்றால், இயற்கைக்கு வேலையே இல்லையா?" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இயற்கைக்குப் பங்கே இல்லை என்று சொல்வது ஆராய்ச்சிக்குப் பொருந்தாது. முட்டி மோதும் சண்டையும் ஓடியாடும் முரட்டு விளையாட்டும் சின்னஞ்சிறு வயதிலேயே சிறுவரிடம் மிகுந்து காணப்படுகின்றன. கருவிலேயே ஆண்பால் சுரப்புநீரை மிகுதியாகப் பெற்றுப் பிறந்த பெண் குழந்தைகள், வண்டி முதலிய விளையாட்டுப் பொருள்களை மற்றச் சிறுமியரைவிட மிகுதியாக நாடினர் என்று 1992-ல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆனால் இயற்கை தருவது விதை. அதற்கு நீர் பாய்ச்சுவது யார்? மேகாலயத்தின் காசி மக்களிடையே சொத்து மகள் வழியே செல்கிறது. அவர்களுக்கு அண்டையில் வாழும் கார்பி மக்களிடையே ஆண் வழியே செல்கிறது. இவ்விரு சமூகத்தாரில் ஏறத்தாழ 1,300 பேரிடம் நான்கு துண்டுகளைப் பொருத்திப் படமாக்கும் புதிர் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தனர். 2011-ல் வெளியான முடிவின்படி, கார்பி ஊர்களில் ஆண்கள் தெளிவாக விரைந்து முடித்தனர். காசி ஊர்களிலோ இருபாலாரும் சமம். இயற்கையின் கோட்டை என்று பலர் காட்டும் வடிவத்திறனே, வீட்டு வழக்கத்துக்கு ஏற்ப மாறுகிறது! அத்திறன் பயிற்சியால் வளரக்கூடியது என்றும் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. சிறுதேரும் கட்டையும் வண்டியும் ஒரு கைக்கு மட்டுமே கிடைத்தால், அந்தக் கை தேர்ச்சி பெறுவதில் வியப்பென்ன?

மற்றொன்றையும் மறக்கலாகாது. சராசரி என்பது கூட்டத்தைப் பற்றிப் பேசுவது. தனி ஒருவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஒரு திறனில் சிறுவரின் சராசரி சற்று மேல் என்றாலும், அச்சராசரியைத் தாண்டி நிற்கும் சிறுமியர் ஆயிரக்கணக்கில் இருப்பர். உங்கள் முன் நிற்பது சராசரி அன்று, ஒரு குழந்தை.

இரு பக்கமும் வெட்டும் வாள்

இதைப் பெண்களுக்கான வழக்கு என்று மட்டும் கொள்ளவேண்டாம். நம் மாநிலத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 2024-ல் மாணவியர் 96.44 விழுக்காடும் மாணவர் 92.37 விழுக்காடும் தேர்ச்சி பெற்றனர். "பெண்ணுக்குப் படிப்பு ஏறாது" என்ற பழைய தீர்ப்பு தூள்தூளாகிவிட்டது. மகிழ்ச்சியே. ஆனால் அந்த இடத்தில் "பசங்க அப்படித்தான், படிக்க மாட்டாங்க" என்னும் புதிய தீர்ப்பு வந்து உட்காரப் பார்க்கிறது. அழக்கூடாது என்று வாயடைக்கப்பட்ட சிறுவன், தன் துயரை யாரிடம் சொல்வான்? "அப்படித்தான்" என்ற ஒரு சொல் எத்தனை பையன்களைப் பள்ளியிலிருந்து வெளியே தள்ளியிருக்கிறது!

இந்தத் தீர்ப்புகள் எவ்வளவு இளமையிலேயே குழந்தையைச் சென்றடைகின்றன தெரியுமா? 2017-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், மிக மிக அறிவாளி யார் என்று கேட்டபோது ஐந்து வயதுச் சிறுமியர் தம் இனத்தையே சிறுவருக்கு ஈடாகச் சுட்டினர். ஆறு, ஏழு வயதுச் சிறுமியரிடம் அந்த உறுதி குறைந்துவிட்டது. மிகுந்த அறிவுள்ளவர்க்கான விளையாட்டு என்றதும் அவர்கள் ஆர்வம் தளர்ந்தது. இவ்வளவு சிறு வயதிலேயே ஒரு கதவு பாதி மூடிவிடுகிறது.

மூடிய கதவைத் திறக்கவும் இயலும். மேற்கு வங்கத்தில் ஊராட்சித் தலைமை பெண்களுக்கென ஒதுக்கப்பட்டு, இரு தேர்தல்களிலும் பெண் தலைமையைக் கண்ட சிற்றூர்களில், மகனுக்கும் மகளுக்கும் பெற்றோர் விரும்பிய எதிர்காலங்களுக்கு இடையிலிருந்த இடைவெளி சுருங்கியது. அங்கே வளரிளம் பருவத்தாரின் படிப்பளவில் இருந்த வேறுபாடு மறைந்தேபோனது. இது 2012-ல் வெளியான ஆய்வு. யாரும் அவ்வூர்களில் சொற்பொழிவு ஆற்றவில்லை. தலைவர் நாற்காலியில் ஒரு பெண் அமர்ந்திருப்பதை ஊர் பார்த்தது, பார்வை மாறியது.

நாம் செய்யக்கூடுவது

நம்மில் பலர் நாளை ஆசிரியராவோம், பெரும்பாலோர் பெற்றோராவோம். வீட்டில் தம்பியும் தங்கையும் இன்றே இருக்கிறார்கள். நாம் செய்யக்கூடியவை மூன்று. சாப்பிட்ட தட்டைக் கழுவும் வேலை தங்கைக்கு மட்டும், கடைக்குப் போய்க் கணக்குப் பார்த்து மீதிச் சில்லறை வாங்கும் வேலை தம்பிக்கு மட்டும் என்றிருந்தால், இருவருக்கும் இரண்டையும் கொடுப்போம். திருவிழாக் கடையில் பொம்மை வாங்கும்போது, யாருக்கு என்பதை எண்ணாமல் எது பிள்ளைக்குப் பிடிக்கிறது என்று பார்த்து வாங்குவோம். ஒரு குழந்தை அழும்போது ஏன் அழுகிறது என்று முதலில் கேட்போம். ஆணா பெண்ணா என்பதைக் கொண்டு விடையை நாமே எழுதிவிடாதிருப்போம்.

பிள்ளைத்தமிழ் ஏழு பருவங்களைப் பொதுவாக்கி வைத்தது. எஞ்சிய மூன்றையும் பொதுவாக்குவது நம் தலைமுறையின் பணி. சிறுமியும் சிறுதேர் உருட்டட்டும். சிறுவனும் அம்மானை ஆடட்டும். மணல் வீட்டை இருவரும் சேர்ந்தே கட்டட்டும்!